வயதான காலத்தில் மூளைக்கு வேலை: செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கத்துப் பெரிய வீடுகளில் இன்று பெரும்பாலும் ஒன்றிரண்டு பெரியவர்கள்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். "அப்பச்சிக்கு ஞாபகம் குறையுது, மூளைக்கு வேலை கொடுக்க என்ன விளையாடச் சொல்லலாம்?" என்பதுதான் பலருக்கும் முதல் கேள்வி. அதையும் அதையொட்டி வரும் மற்ற கேள்விகளையும் பதில்களோடு இங்கே தொகுத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம். எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்பதும் கீழே இருக்கிறது.

தினமும் விளையாடினால் மறதி நோய் வராதா?

அப்படி யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2003-ல் வெளிவந்தது. படிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி, நடனம் என்று ஏதாவது ஒன்றில் அடிக்கடி ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்திருந்தது. ஆனால் விளையாடியதால் மூளை நன்றாக இருந்ததா, மூளை நன்றாக இருந்ததால் விளையாட முடிந்ததா என்பதை இப்படிப்பட்ட ஆய்வால் முழுதாகப் பிரித்துச் சொல்ல முடியாது. நோய் மெல்ல உள்ளே வருகிறவர், அது வெளியே தெரியுமுன்பே ஆட்டத்திலிருந்து ஒதுங்க ஆரம்பித்துவிடலாம்.

அமெரிக்காவில் 2,800-க்கும் மேற்பட்ட முதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பத்தாண்டு கழித்தும் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஞாபகப் பயிற்சி, இன்னொரு பிரிவினருக்குத் தர்க்கப் பயிற்சி, மூன்றாவது பிரிவினருக்கு வேகமாகப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி. எதில் பழகினார்களோ அதில்தான் தேறினார்கள். தர்க்கத்திலும் வேகத்திலும் கிடைத்த பலன் பத்தாண்டு கழித்தும் தெரிந்தது. ஞாபகப் பயிற்சியின் பலன் அதற்குள் போய்விட்டிருந்தது. ஆக, சுடோகு போட்டுப் போட்டுக் கெட்டிக்காரர் ஆனவர் சுடோகுவில்தான் கெட்டிக்காரர். பெட்டகச் சாவியை எங்கே வைத்தோம் என்பது அதனால் ஞாபகம் வந்துவிடாது.

2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது கேளாமை, பார்வைக் குறைவு, புகைபிடித்தல், நடமாட்டமின்மை, மனச்சோர்வு, ஆளில்லாத தனிமை எல்லாம் அதில் உண்டு. சுடோகு போடாமல் இருப்பது அந்தப் பட்டியலில் இல்லை, தனிமை இருக்கிறது. அதனால்தான் யார் கேட்டாலும் நான் சொல்வது, எதிரில் ஓர் ஆள் உட்கார வேண்டிய விளையாட்டைப் பாருங்கள் என்பது. என்ன விளையாட்டு என்பது அதற்கப்புறம்.

சரி, அப்படியென்றால் எதிலிருந்து தொடங்குவது?

சின்ன வயதில் அவர் ஆடியதிலிருந்து. எழுபது வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது நல்லதுதான், ஆனால் அதை முதல் வாரத்திலேயே திணித்தால் "எனக்கெதுக்கு இதெல்லாம்" என்று பலகையை நகர்த்திவிடுவார். பழகிய ஆட்டத்தில் உட்காரவைத்து, கை ஓடத் தொடங்கியதும் விதியைக் கொஞ்சம் கடினமாக்குங்கள். எப்போதும் சுலபமாக ஜெயித்தால் பயனில்லை. பத்துக்கு நாலைந்து முறையாவது தோற்கும்படி இருக்க வேண்டும்.

பல்லாங்குழிப் பலகை வீட்டில் கிடக்கிறது. ஆடும் முறைதான் யாருக்கும் சரியாக ஞாபகம் இல்லை.

ஊருக்கு ஊர் முறை மாறும். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கிடையேகூட மாறும். எளிதான ஒரு முறையைச் சொல்கிறேன். ஆளுக்கு 7 குழி, மொத்தம் 14. குழிக்கு 5 காய் என்றால் 70 புளியங்கொட்டையோ சோழியோ வேண்டும். உங்கள் பக்கத்தில் ஒரு குழியை முழுக்க அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே ஒரே திசையில் சுற்றி வர வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அள்ள வேண்டிய குழி காலியாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ள வேண்டும். அத்தோடு எதிராளியின் முறை. நடுவில் எந்தக் குழியிலாவது சரியாக 4 காய் சேர்ந்தால் அது பசு. குழி யார் பக்கமோ அவருக்குச் சொந்தம். ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றில், காய் குறைந்தவர் தன் கையில் உள்ளதை வைத்து எத்தனை குழி நிரப்ப முடியுமோ அத்தனையை மட்டும் நிரப்பி ஆடுவார்.

இந்த முறையில் முதல் ஆட்டம் வெறும் சடங்குதான். நீங்கள் எந்தக் குழியில் தொடங்கினாலும் ஐந்து முறை அள்ளி, ஆறாவதாக அள்ளப் போகும்போது காலிக் குழி வந்து, அதற்கடுத்ததிலிருந்து 7 காய் கிடைக்கும். நம்பாவிட்டால் போட்டுப் பாருங்கள். எல்லாக் குழியிலும் ஒரே எண்ணிக்கை இருப்பதால் அப்படி. இரண்டாவது ஆள் கை வைக்கும்போதுதான் விளையாட்டு தொடங்குகிறது. இந்தக் குழியை அள்ளினால் எங்கே போய் முடியும், வழியில் எதிராளிக்குப் பசு விழுமா, காலிக் குழிக்கு அப்பால் எனக்கு என்ன காத்திருக்கிறது என்று மூன்று நான்கு சுற்றை மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். கையில் இருக்கும் எண்ணிக்கையை மறக்காமல் வைத்துக்கொண்டே குழிகளில் மாறுவதையும் பிடித்துவைக்க வேண்டும். மூளைப் பயிற்சி என்று காசு வாங்கிக்கொண்டு விற்கும் பலவற்றில் இந்த அளவு வேலை கிடையாது.

பள்ளத்தூரில் எனக்குத் தெரிந்த இரண்டு ஆச்சிகள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வளவில் (வீட்டு முற்றத்தில்) உட்கார்ந்து ஆடுவார்கள். அள்ளுமுன் குழியைத் தொட்டு எண்ணக் கூடாது, கண்ணால் பார்த்துத்தான் எண்ண வேண்டும் என்பது அவர்கள் சட்டம். இருவரில் மூத்தவர் தன் பக்கத்தில் காய் குவிந்த குழியின் மேல் இடது கையைக் கவிழ்த்து வைத்துக்கொள்வார், எதிராளி எண்ணிவிடக் கூடாதென்று. "கையை எடு ஆச்சி, குழியைப் பாக்கணும்" என்று ஒரு சண்டை தினமும் உண்டு. காலையில் என்ன பலகாரம் என்று கேட்டால் யோசிக்கிற மனுஷி, குழியில் ஒன்பது கிடக்கிறதா பத்தா என்பதில் தவறமாட்டார்.

தாயம் அதிர்ஷ்ட விளையாட்டுத்தானே? அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கட்டை விழுவது அதிர்ஷ்டம். எந்தக் காயை நகர்த்துவது என்பது அதிர்ஷ்டம் இல்லை. பித்தளைத் தாயக்கட்டை இரண்டிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என்று நான்கு முகம். சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் மூன்று விழுவது 4 விதம், இரண்டும் நாலும் தலா 3 விதம், தாயமும் (ஒன்று) ஐந்தும் தலா 2 விதம், ஆறும் பன்னிரண்டும் தலா ஒரே விதம். ஆக, எதிராளியின் காய் உங்கள் காய்க்கு மூன்று கட்டம் பின்னால் நின்றால் வெட்டுப்பட வாய்ப்பு அதிகம். ஆறு கட்டம் பின்னால் நின்றால் ஒரே வீச்சில் வெட்டுவது அரிது. பழைய ஆட்டக்காரர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை, ஆனால் கை தெரிந்து வைத்திருக்கும். "மூணுக்கு முன்னாடி நிக்காதே" என்று ஒரு அப்பத்தா பேரனை அதட்டினால் அதில் விஷயம் இருக்கிறது.

வெட்டினால்தான் உள்ளே பழம் ஏற முடியும் என்று சில வீடுகளில் விதி. அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆட்டம் சூடாகும். நாலு பேர் ஆடினால் இன்னும் நல்லது.

பரமபதம்?

வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க நல்ல துணை. மற்றபடி முடிவெடுக்க அதில் ஒன்றும் இல்லை, கட்டை சொன்ன இடத்துக்குப் போக வேண்டியதுதான். ஏற்கெனவே மறதி அதிகமான பெரியவருக்கு அந்தச் சுலபமே சௌகரியம்.

ஐயாவுக்கு இதெல்லாம் பெண்கள் விளையாட்டாம். அவருக்கு என்ன?

ஆடுபுலி ஆட்டம். கோயில் மண்டபத் தரையிலும் திண்ணைக் கல்லிலும் செதுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பார். 23 சந்திகள், 3 புலி, 15 ஆடு. புலி பக்கத்திலிருக்கும் ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அந்தப் பக்கம் இடம் காலியாக இருந்தால் அடித்துவிடும். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலிகளை அசையவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரருக்கு ஜெயம்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி யோசிக்கக் கூடாது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. புலிக்காரர் சந்தர்ப்பம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். ஆட்டுக்காரர் ஒவ்வோர் ஆட்டுக்குப் பின்னாலும் இன்னோர் ஆட்டை நிறுத்தி, பொறுமையாகச் சுவர் எழுப்ப வேண்டும். தொழில் செய்த ஐயாக்களுக்கு ஆட்டுப் பக்கம்தான் ஒத்துவரும் என்பது என் அபிப்பிராயம். முதல் வாரம் புலியைக் கொடுங்கள், பழகியதும் ஆடு. அப்புறம் ஒவ்வொரு முறையும் பக்கம் மாற்றி ஆடலாம்.

சதுரங்கம் தெரிந்தவராக இருந்தால் வேறொன்றும் தேட வேண்டாம். தெரியாதவருக்கும் பேரன் கற்றுக்கொடுக்கலாம், ஆனால் எல்லாக் காயையும் ஒரே நாளில் சொல்லாமல், முதலில் வெறும் சிப்பாய்களை மட்டும் வைத்து ஆடச் சொல்லுங்கள்.

சீட்டு விளையாடலாமா?

தாராளமாக. இருபத்தெட்டு, முந்நூற்று நாலு இரண்டும் நல்ல கணக்கு விளையாட்டு. இருபத்தெட்டில் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஒரு சாதிக்கு 7, நாலு சாதிக்கு 28. முந்நூற்று நாலில் ஜாக்கி 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2; ஒரு சாதிக்கு 76, நாலுக்கு 304. துருப்பு எது, எத்தனை இறங்கிவிட்டது, கூட்டாளி எதைக் கேட்கிறார் என்று மூன்றையும் பிடித்துவைத்து ஆட வேண்டும். ரம்மியைவிட இதில் ஞாபகத்துக்கு வேலை அதிகம், கூட்டாளி வேறு இருக்கிறார்.

காசு வைத்து ஆட வேண்டாம். புளியங்கொட்டையை வையுங்கள்.

செல்போனில் பணம் கட்டி ரம்மி ஆடுகிறார், என்ன செய்வது?

உடனே பேசுங்கள், திட்டாமல் பேசுங்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதற்குப் பிறகும் "போனஸ் தருகிறோம்" என்று குறுஞ்செய்தியோ வாட்ஸ்அப் இணைப்போ வந்தால் ஏமாற்று என்றே வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது. தனியாக இருக்கும் ஐயா ராத்திரி பதினொரு மணிக்கு ரம்மி ஆடுகிறார் என்றால், பணத்தாசையைவிடப் பொழுது போகாததுதான் பெரும்பாலும் காரணம். அதற்கு வழி செய்யாமல் போனை மட்டும் பிடுங்கினால் நிற்காது.

மூளைப் பயிற்சிச் செயலிக்குச் சந்தா கட்டலாமா?

நான் கட்டமாட்டேன். லுமோசிட்டி என்ற செயலியை நடத்திய நிறுவனம், வயதானால் வரும் மறதியைத் தள்ளிப்போடும் என்கிற மாதிரி விளம்பரம் செய்து, அதற்குப் போதிய ஆதாரம் இல்லாததால் 2016-ல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. செயலியால் கெடுதல் இல்லை, பிடித்திருந்தால் இலவசமாகக் கிடைப்பதை ஆடட்டும். அந்தச் சந்தாப் பணத்தில் பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் சேர்த்துச் சாயங்காலக் காபி போட்டால் ஆட்டத்துக்கு ஆள் கிடைக்கும்.

சுடோகு, குறுக்கெழுத்து?

இரண்டும் நல்லவைதான், ஆள் இல்லாத நேரத்துக்கு. சுடோகுவில் எண் இருப்பதால் கணக்கு என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அதில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. எண்ணுக்குப் பதில் ஒன்பது பழத்தின் பெயரைப் போட்டாலும் விடை வரும். அதை இன்றைய வடிவில் 1979-ல் உருவாக்கியவர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற ஓய்வுபெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். அப்போது அவருக்கு வயது 74 என்பதைச் சொன்னால் ஐயாவுக்கு ஒரு தெம்பு வரும்.

தமிழ்க் குறுக்கெழுத்து ஆங்கிலத்தைவிட ஒரு படி சிரமம். கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பதால் கா, கீ, கு எல்லாம் தனித்தனி. குறுக்கே வரும் சொல்லும் நெடுக்கே வரும் சொல்லும் சந்திக்கும் இடத்தில் மெய் மட்டும் ஒத்தால் போதாது, உயிரும் ஒத்துப்போக வேண்டும். ஞாயிறு இதழ்களில் வருபவற்றை வெட்டி வைத்து, தேவையானால் ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கிக் கொடுங்கள். குறிப்பை ஒருவர் வாசிக்க மற்றவர் விடை சொல்வதாக வைத்தால் அதுவும் இருவர் ஆட்டமாகிவிடும்.

அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்ன செய்யலாம்?

எழுத்துத் தெரியாதவர்களிடம் இருக்கும் சரக்கு நமக்கிருப்பதைவிட அதிகம். முதலில் விடுகதை. "ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்" என்று நீங்கள் தொடங்குங்கள் (தேன்கூடு). அவர் அடுத்ததைப் போடுவார். ஒரு விடுகதைக்கு விடை தெரியாவிட்டால் ஓர் ஊரைக் கொடுக்க வேண்டும் என்று சில வீடுகளில் பந்தயம். செட்டிநாட்டில் எழுபதுக்கு மேல் ஊர் இருக்கிறது, சீக்கிரம் தீராது.

அடுத்து கோலம். புள்ளி வைத்து, கோடு எங்கும் அறுபடாமல் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேரும் சிக்குக் கோலத்தைப் பார்த்து வரைவது ஒரு வேலை, மனசிலிருந்து வரைவது வேறு வேலை. அதற்குள் இருக்கும் ஒழுங்கை 1970-களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் கணினி அறிவியல் இலக்கணமாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். குனிந்து வரைய முடியாவிட்டால் மேசையில் சிலேட்டு வைத்து வரையட்டும். பேத்தி பாதிக் கோலம் போட்டு நிறுத்த, மீதியை அப்பத்தா முடிப்பது நல்ல ஆட்டம்.

கொட்டான் (ஓலைக் கூடை) பின்னத் தெரிந்தவராக இருந்தால் ஓலையைக் கையில் கொடுங்கள். எத்தனை ஓலைக்கு மேலே, எத்தனைக்குக் கீழே என்று எண்ணிப் பின்னுவது கணக்குத்தான்.

இன்னொன்று மணம். கண்ணை மூடவைத்து அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டுங்கள். பட்டை, கிராம்பு சுலபம். கல்பாசியும் மராட்டி மொக்கும் வந்தால் கொஞ்சம் நிதானிப்பார். பெயரோடு நிறுத்தாமல் எந்தக் குழம்பில், எப்போது போடுவது என்றும் கேளுங்கள்.

மனக்கணக்கில் ஆர்வம் உள்ளவருக்கு?

கொண்டுவிக்கப் போன, அதாவது வெளிநாட்டுக்குத் தொழில் பார்க்கப் போன ஐயாக்கள் வளர்ந்த கணக்கு வேறு. கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகும் எடுபிடியாகச் சேர்ந்தவர்கள் வட்டியை மனசிலேயே போடப் பழகினார்கள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்ட குடும்பங்களில் பழைய பின்னங்களைக் கேட்டுப் பாருங்கள். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. "முக்காலே அரைக்காலில் மாகாணி போனால்?" என்று கேட்டால் பேனா எடுக்காமல் சொல்வார்கள் (பதினாறில் பதின்மூன்று). நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஒன்பது நகரக் கோயில்களைத் தலைகீழாகச் சொல்வது, ஊரில் உள்ள வீடுகளின் விலாசங்களைத் தெரு வரிசைப்படி சொல்வது எல்லாம் இந்த வகைதான்.

ஐயா மலாயாவில் இருந்தவர், மலாய் பேசுவார். அதனால் பயன் உண்டா?

ஹைதராபாத்தில் மறதி நோயாளிகள் 648 பேரிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. இரண்டு மொழி பேசியவர்களுக்கு ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட நாலரை ஆண்டு தாமதமாக நோய் தொடங்கியிருந்தது. எழுத்தறிவில்லாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. எழுபத்தைந்து வயதில் மலாயைத் தூசி தட்டினால் அதே பலன் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனாலும் பேசத் துணை கிடைத்தால் பேசட்டும். பினாங்கிலுள்ள பேத்தியோடு பத்து நிமிஷம் மலாயில் மட்டும் பேச வேண்டும், தமிழ் வந்தால் ஒரு காய் போச்சு என்று விதி வையுங்கள்.

நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம். தூரத்திலிருந்து எப்படி ஆடுவது?

பல்லாங்குழி இதற்கு ரொம்பப் பொருத்தம். இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு பலகை வேண்டும். குழிகளுக்கு 1 முதல் 14 வரை எண் கொடுங்கள். "மூன்றை அள்ளுகிறேன்" என்று சொன்னால் இரண்டு பக்கமும் போட வேண்டியதுதான். கடைசியில் இரண்டு பலகையும் ஒத்துப்போகவில்லையென்றால் யாரோ தப்பாகப் போட்டிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிப்பது தனி விளையாட்டு. ஆடுபுலியிலும் 23 சந்திகளுக்கு எண் எழுதி ஒட்டிவிட்டால் போதும்.

நேரத்தை நிலையாக வையுங்கள். சிங்கப்பூரில் ராத்திரி எட்டு மணி என்றால் இங்கே சாயங்காலம் ஐந்தரை. விளக்கு வைக்குமுன் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு விடுகதையைக் குரல் செய்தியாக அனுப்புவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஆனால் திரைக்கு அப்பால் இருக்கும் மகன், திண்ணையில் வந்து உட்காரும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஈடாகமாட்டார். ஊரில் இருக்கும் இன்னொரு தனி ஆளைக் கண்டுபிடித்து இருவரையும் சேர்த்துவிடுவது உங்கள் வேலை. கார் அனுப்ப வேண்டுமானாலும் அனுப்புங்கள்.

கண் மங்கல், காது மந்தம், முழங்கால் வலி. இத்தனையோடு எப்படி?

கண்ணையும் காதையும் முதலில் கவனியுங்கள். கண்புரை இருந்தால் அறுவைசிகிச்சை, காது மந்தமென்றால் காது மெஷின். மேலே சொன்ன 14 காரணிகளில் இரண்டு அவை. காது கேட்காத பெரியவர் ஆட்டத்துக்கு வராமல் ஒதுங்குவதை வீட்டில் மறதி என்று நினைத்துக்கொள்வதுண்டு.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சாக்பீஸால் தாயம் வரையாதீர்கள். பூ வேலைப்பாட்டில் கோடு எது, பூ எது என்று வயதான கண்ணுக்குத் தெரியாது. ஒரே நிறத் துணியில் தடிமனாக வரைந்து வைத்துக்கொள்ளலாம். கருத்த மரக் குழியில் வெள்ளைச் சோழி நன்றாகத் தெரியும், புளியங்கொட்டை தெரியாது. தரையில் உட்கார முடியாதவருக்கு மேசை போடுங்கள். உட்கார்ந்தாலும், ஒரு மணி நேரம் கழித்துத் திடீரென்று எழ விடாதீர்கள். தலை சுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

குன்றிமணியைக் காயாக வைக்க வேண்டாம். பார்க்க அழகு, ஆனால் உடைத்தோ மென்றோ விழுங்கினால் கொடிய விஷம். பேரப்பிள்ளைகளும் மறதி உள்ளவர்களும் இருக்கும் வீட்டில் அது இருக்கவே கூடாது.

தோற்றால் கோபம் வருகிறது. அழுகுணி ஆட்டமும் ஆடுகிறார்.

அழுகுணி ஆட ஞாபகமும் கவனமும் வேண்டும், சந்தோஷப்படுங்கள். கோபம் புதிதாக வந்த குணமென்றால் மட்டும் கவனியுங்கள். எப்போதுமே அப்படித்தான் என்றால் இனி மாறப்போவதில்லை.

எவ்வளவு நேரம் ஆட வேண்டும்?

அலுப்புத் தட்டும்வரை. மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருப்பது நல்லதில்லை. ஆட்டத்துக்கு முன்னாலோ பின்னாலோ ஊருணிக் கரையை ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும். நடையின் பலனுக்கு இருக்கும் ஆதாரம், புதிருக்கு இருப்பதைவிட உறுதியானது.

ஏற்கெனவே மறதி நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி விளையாடி என்ன?

விளையாடலாம். நோக்கம்தான் மாறுகிறது. இனிமேல் திறமையைக் கூட்டுவதற்காக இல்லை, அந்த அரை மணி நேரம் நிம்மதியாகப் போவதற்காக. விதிகளைக் குறையுங்கள். பல்லாங்குழியில் காயைக் குழிக்கு ஒன்றாகப் போட்டு வருவதே போதும். சோழிகளை நிறம் பிரிப்பது, பழைய கல்யாணப் படங்களில் ஆள் யாரென்று பேசுவது, பாட்டின் முதல் வரியை எடுத்துக் கொடுத்துத் தொடரச் சொல்வது எல்லாம் சரி. "நேத்துச் சொன்னேனே, அதுக்குள்ள மறந்துட்டீங்களா" என்று மட்டும் கேட்காதீர்கள். தப்பாகப் போட்டால் போடட்டும். காயை வாயில் போடுகிற நிலை வந்துவிட்டால் சின்னப் பொருள்களை எடுத்துவிடுங்கள்.

எந்த அறிகுறி வந்தால் டாக்டரிடம் போக வேண்டும்?

பெயர் சட்டென்று வராதது, கண்ணாடியைத் தேடுவது எல்லாம் வயதோடு வருபவை. ஐம்பது வருஷமாக ஆடிய தாயத்தில் காய் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று குழம்புவது அப்படி இல்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, தினமும் போகும் கோயிலிலிருந்து வீட்டுக்கு வழி தடுமாறுவது, சில்லறை எண்ண முடியாமல் போவது, குழம்புக்கு உப்பு இரண்டு தடவை போடுவது என்று மாதக்கணக்கில் தொடர்ந்தால் காட்டுங்கள். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருப்பதாகத் தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அபூர்வம் இல்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

எல்லா மறதியும் அந்த நோய் இல்லை. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றைச் சரிசெய்ய முடியும். ஆனால் ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் காத்திருக்கக் கூடாது. கிருமித் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, பக்கவாதம், கீழே விழுந்து தலைக்குள் ரத்தக் கசிவு என்று எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே காரைக்குடி அரசு மருத்துவமனைக்கோ சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள். முதியோர் உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு 14416.

ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்பதையும் பாருங்கள். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. வந்த மாத்திரை டப்பாவிலேயே இருந்தால் எந்தப் பல்லாங்குழியும் உதவாது.

பலகை எங்கே கிடைக்கும்?

முதலில் உங்கள் வீட்டுப் பெட்டகத்தையும் இரண்டாம்கட்டு அறைகளையும் தேடுங்கள், பழைய சீர்ச் சாமான்களோடு கிடக்கலாம். இல்லையென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடலாம். வாங்குமுன் குழிகளைத் தடவிப் பாருங்கள். காட்சிக்காகச் செய்த புதுப் பலகைகளில் குழி ஆழமில்லாமல் இருக்கும், பன்னிரண்டு காய் சேர்ந்தாலே வழியும். மடக்குப் பலகை என்றால் கீல் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள், ஆடும்போது விரல் மாட்டும். அதற்கெல்லாம் அலைய முடியாதென்றால் முட்டைக்கடையில் அட்டைத் தட்டு ஒன்று வாங்கி, ஏழு குழிக்கு இரண்டு வரிசை கிடைக்கும்படி வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சாயங்காலமே ஆடலாம்.